இங்கிலீஷில் மொத்தம் எத்தனை ஒலி? 26ஆ, 39ஆ, 42ஆ, 44ஆ?

#1 கோவை மீனா

எல்லோருக்கும் வணக்கம். என் பெண் ஒன்றாம் வகுப்பு. பள்ளியில் இப்போது 'ஏ ஃபார் ஆப்பிள்' எல்லாம் இல்லை, ஒலியை வைத்து வாசிக்கச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ்தான். போன வாரம் பெற்றோர் கூட்டத்தில் மிஸ், "மொத்தம் 42 சவுண்ட்ஸ், மார்ச்சுக்குள் முடித்துவிடுவோம்" என்றார். வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். அவள் பி.எட். முடித்தவள். "42 இல்லக்கா, 44. எங்களுக்குப் பரீட்சையிலேயே வந்தது" என்கிறாள். வீட்டுக்காரர் பேப்பரை மடக்காமலே, "எழுத்தே 26தானே, அதில் எப்படி 44 சத்தம் வரும்?" என்று கேட்கிறார். யூடியூபில் பார்த்தால் ஓர் அமெரிக்க அம்மா 40 என்கிறார்.

நமக்கு உயிர் 12, மெய் 18. யாரைக் கேட்டாலும் அதேதான். இவர்களுக்கு மட்டும் ஏன் ஆளுக்கொரு கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழந்தைக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

#2 சும்மா வந்தேன்

எத்தனை இருந்தால் என்ன மேடம்? முப்பது வருஷமாக அந்த 26 எழுத்தை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். இதுவரை யாரும் எண்ணிக் காட்டச் சொன்னதில்லை.

#3 பேச்சுப்பொறி பாலா

மீனா அக்கா, உங்கள் பட்டியலில் இன்னொரு எண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: 39. நான் குரலை எழுத்தாக மாற்றும் மென்பொருளில் வேலை பார்க்கிறேன். எங்கள் துறையில் ரொம்ப நாளாகப் புழங்குவது கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் உச்சரிப்பு அகராதி. ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள், அத்தனையும் வெறும் 39 ஒலிக்குறிகளால் எழுதப்பட்டவை. மெய் 24, உயிர் 15. ஒரு சொல்கூட அதில் அடங்காமல் வெளியே நிற்காது. அதனால் 44 என்று யாராவது சொன்னால், மிச்சம் ஐந்து எங்கே இருந்து வந்தது என்று எனக்கும் சந்தேகம்தான்.

#4 ஒலிப்பெட்டி

மீனாம்மா, உங்கள் மிஸ், தங்கை, அந்த அமெரிக்க அம்மா, பாலா தம்பி, நாலு பேர் சொல்வதும் சரி. வீட்டுக்காரர் மட்டும்தான் தப்பு. எழுத்தையும் ஒலியையும் ஒன்றாக்கிவிட்டார். (முப்பது வருடம் மொழியியல் வகுப்பு எடுத்து ஓய்வு பெற்றவன். பதிவு நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

44 என்பது தென் இங்கிலாந்தில் படித்தவர்கள் பேசும் பேச்சுக்கான கணக்கு. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் டேனியல் ஜோன்ஸ் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், 1917ல் உச்சரிப்பு அகராதி போட்டவர். அவர் வழியில் வந்த பாடநூல்களில் மெய் 24, உயிர் 20 என்று இருக்கும். இருபதில் குறில் ஏழு, நெடில் ஐந்து, ஈருயிர் எட்டு. ஈருயிர் என்றால் நம் ஐ, ஔ மாதிரி ஒன்றில் தொடங்கி இன்னொன்றில் போய் முடிவது.

இதே மொழி அமெரிக்காவுக்குப் போகிறது. 'நியர்', 'ஹேர்', 'பூர்' மூன்றிலும் லண்டன்காரர் கடைசி 'ர்' சொல்ல மாட்டார். அதற்குப் பதிலாக உயிரே வளைந்துவிடும். அந்த மூன்று வளைவுக்கும் மூன்று ஈருயிர் எண்ண வேண்டியதாகிறது. அமெரிக்கர் 'ர்'ரை நன்றாக நாக்கை மடித்துச் சொல்கிறார். உயிர் பாதி, ர் பாதி என்று பிரித்துப் போட்டால் முடிந்தது. மூன்று குறைந்து 41. அடுத்து, 'டாக்டர்' என்பதன் முதல் உயிரும் 'ஃபாதர்' என்பதன் முதல் உயிரும் லண்டனில் வேறு வேறு, அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றே. இப்போது 40. உங்கள் யூடியூப் அம்மா வந்துவிட்டாரா? பாலாவின் அகராதியில் 'கட்', 'பட்' இவற்றின் உயிரையும், 'அபவுட்' என்பதன் தொடக்கத்தில் முணுமுணுப்பாக வருமே, அந்த உயிரையும் ஒரே குறியால் எழுதிவிடுவார்கள். அழுத்தம் உண்டா இல்லையா என்று பக்கத்தில் ஓர் எண் மட்டும் மாறும். அதையும் கழித்தால் 39.

மிஸ் சொன்ன 42 அநேகமாக ஜாலி ஃபோனிக்ஸ் என்ற திட்டத்தின் 42. ஆறாறாக ஏழு குழு. அது சின்னக் குழந்தைக்கு வாசிப்புச் சொல்லித்தரப் போட்ட கணக்கு, மொழியியல் கணக்கு இல்லை. எக்ஸ் என்ற எழுத்தில் 'க்', 'ஸ்' என்று இரண்டு ஒலி இருக்கிறது. அங்கே அதை ஒன்றாக எண்ணுவார்கள். 'மெஷர்', 'விஷன்' என்ற சொற்களின் நடுவே வருகிற அதிர்வொலி அந்த 42ல் சேராது.

#5 கோவை மீனா

சார், கணக்கு புரிந்தது. ஆனால் அடிப்படை புரியவில்லை. இரண்டை ஒன்றாக எண்ணலாம், ஒன்றை இரண்டாக எண்ணலாம் என்றால், 'ஒரு ஒலி' என்று எதைத்தான் சொல்கிறார்கள்?

#6 ஒலிப்பெட்டி

அப்படிக் கேளுங்கள். இதற்கு இங்கிலீஷ் வேண்டாம், தமிழே போதும்.

'கடல்', 'மகன்', 'தங்கம்'. மூன்றையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்றிலும் ககரம்தான். ஆனால் முதலாவது வல்லென்று வெடிக்கிறது, இரண்டாவது கிட்டத்தட்ட 'ஹ', மூன்றாவது தொண்டை அதிர வருகிறது. ஒரு வடநாட்டுக்காரர் காதில் விழுந்தால் மூன்றையும் மூன்று எழுத்தில் எழுதுவார். நமக்கு அது உறைப்பதே இல்லை, ஏனென்றால் அவற்றை இடம் மாற்றிச் சொன்னாலும் அர்த்தம் மாறாது. 'மக்கன்' மாதிரி ஒருத்தர் அழுத்திச் சொன்னால் 'ஊர் எங்கே?' என்று கேட்போமே தவிர, வேறு சொல் என்று நினைக்க மாட்டோம். ஆக, வாயில் மூன்று ஒலி, மனதில் ஒன்று. மனதில் இருக்கும் அந்த ஒன்றுக்குத்தான் ஒலியன் என்று பெயர். வாயில் வரும் மூன்றும் அதன் மாற்றொலிகள்.

இங்கிலீஷில் அதே மூன்றும் தனித்தனி ஒலியன். ஆட்டுக்கான 'கோட்', மேலே போடும் 'கோட்', தமிழில் எழுதினால் ஒன்றேதான், அங்கே தொண்டை அதிர்வதும் அதிராததும் அர்த்தத்தை மாற்றிவிடுகிறது. ஒரே ஓர் ஒலி மாறி அர்த்தமும் மாறினால் அந்த இரண்டும் இரண்டு ஒலியன். சோதனை அவ்வளவுதான்.

போடுவான் டி கூர்ட்டனே என்ற போலந்துக்காரர் ரஷ்யாவில் கஸான் என்ற ஊரில் 1870, 80களில் பாடம் நடத்தியபோது இந்தக் கருத்தைப் பிடித்தார். அவர் தமிழ் படித்திருந்தால் பாதி வேலை மிச்சம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

#7 சும்மா வந்தேன்

சார், ஒரு சிக்கல். இந்த இழையில் 'பி' என்று எழுதினால் பேனாவின் பியா, பந்தின் பியா, எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டுக்கும் ஒரே பி.

#8 ஒலிப்பெட்டி

நல்ல கேள்வி. பம்பரம் என்று சொல்லிப் பாருங்கள். அதில் முதல் ப அதிராது, இரண்டாம் ப அதிரும். இங்கிலீஷின் இரண்டு பியும் ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கின்றன. இனி இந்த இழையில் 'முதல் ப', 'இரண்டாம் ப' என்றே சொல்லுவோம்.

இப்போது ஒரு சோதனை. ஒரு மெல்லிய தாளை உதட்டுக்கு முன்னால் தொங்கவிட்டு, குண்டூசிக்கான 'பின்' சொல்லுங்கள். பிறகு 'ஸ்பின்' சொல்லுங்கள். இங்கிலீஷ்காரர் சொன்னால் முதலில் தாள் ஆடும், இரண்டாவதில் ஆடாது. சொல் முதலில் வரும் முதல் ப அவர்களுக்கு ஒரு மூச்சோடு வருகிறது, 'ஸ்' பின்னால் வந்தால் மூச்சு இல்லை. அவர்களுக்கு இது தெரியவே தெரியாது, நமக்கு ககரம் தெரியாத மாதிரி.

#9 கோவை மீனா

செய்து பார்த்தேன். இரண்டுக்குமே தாள் ஆடவில்லை! வீட்டுக்காரரிடம் அவர் பேப்பரையே பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னேன். அதுவும் அசையவில்லை. பெண் சொன்னபோது மட்டும் லேசாக ஆடியது. கார்ட்டூன் பார்த்துக் கற்றுக்கொண்ட இங்கிலீஷ்.

#10 ஹெட்செட் ஹரி

மீனா அக்கா, உங்கள் தாள் ஆடாததுதான் என் முதல் வேலையில் எனக்கு நடந்த கூத்து. சென்னையில் ஒரு கால் சென்டர், அமெரிக்க வாடிக்கையாளர்கள், ராத்திரி ஷிஃப்ட். பயண முன்பதிவு எண்ணில் முதல் ப எழுத்து இருந்தால் எதிர்முனையில் இரண்டாம் ப என்றே எடுத்துக்கொள்வார்கள். "பாஸ்டனில் வரும் எழுத்தா?" என்று கேட்பார்கள். நான் "இல்லை, பீட்டரில் வருவது" என்பேன். அதையும் இரண்டாம் ப போட்டுத்தான் கேட்பார்கள். ஒரு தடவை ஒரு பெண்மணியின் எண்ணை மூன்று முறை தேடியும் கிடைக்கவில்லை, அவர் போனை வைத்துவிட்டார். அந்த மாதத் தர மதிப்பெண்ணில் எனக்கு வெட்டு.

அப்புறம் வந்த ஒரு பயிற்சியாளர்தான் சொன்னார்: "உதட்டைத் திறக்கும்போது மெழுகுவர்த்தியை அணைக்கிற மாதிரி சின்னதாக ஊது." அவ்வளவுதான். அடுத்த வாரத்திலிருந்து யாரும் மறுபடி கேட்கவில்லை. 'ட', 'க' வரும் சொற்களுக்கும் இதே வைத்தியம்.

இன்னொன்றும் சொன்னார். தொப்பிக்கான 'கேப்', டாக்ஸிக்கான 'கேப்' இரண்டுக்கும் வித்தியாசம் கடைசி எழுத்தில் இருப்பதாக நாம் நினைக்கிறோம். அவர்கள் காது பார்ப்பது அதற்கு முன்னால் உள்ள உயிரை. டாக்ஸிக்கு அதை இழுக்க வேண்டும், தொப்பிக்குச் சட்டென்று நறுக்க வேண்டும். செய்து பாருங்கள், கடைசி எழுத்தை விழுங்கினாலும் புரிந்துகொள்வார்கள்.

#11 பேச்சுப்பொறி பாலா

ஹரி சொன்னதை அளந்தே வைத்திருக்கிறார்கள். லிஸ்கர், ஏப்ராம்சன் என்ற இருவர் 1964ல் 11 மொழிகளை எடுத்து, உதடு திறந்த பிறகு தொண்டை அதிரத் தொடங்க எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கிட்டார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. நம் முதல் ப திறந்தவுடனே அதிர்வு தொடங்கிவிடுகிறது. இங்கிலீஷில் ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு போல மூச்சு ஓடி, அப்புறம்தான் அதிர்வு. அவர்கள் காது அந்த இடைவெளியைத்தான் கவனிக்கிறது. இடைவெளி இல்லையா, அப்போது அது இரண்டாம் ப என்று முடிவு கட்டிவிடுகிறது.

நேற்று ராத்திரி இதைப் படித்துவிட்டு ஒரு வேலை செய்தேன். அலுவலகத்தில் ஓர் அமெரிக்க நண்பரின் குரலில் 'ஸ்பின்' பதிவு இருந்தது. ஆடாசிட்டியில் திறந்து 'ஸ்' பகுதியை மட்டும் வெட்டி எறிந்தேன். மிச்சத்தை அவருக்கே அனுப்பி, "இது என்ன சொல்?" என்று கேட்டேன். "பின்" என்று எழுதினார். குண்டூசி என்று எதிர்பார்த்தேன். அவர் எழுதியது இரண்டாம் ப, குப்பைத்தொட்டி!

அதாவது அவர் வாயிலிருந்து முதல் ப என்று வந்ததை, அவர் காதே இரண்டாம் ப என்கிறது.

#12 சும்மா வந்தேன்

அப்படியானால் 'ஸ்பின்'னில் இருப்பது எந்த ப? இத்தனை வருஷமாகத் தப்பாக எழுதிக்கொண்டிருக்கிறார்களா?

#13 ஒலிப்பெட்டி

அந்த இடத்தில் எதுவும் இல்லை, இரண்டும்தான். 'ஸ்' பின்னால் இரண்டு பகரங்களும் மோதுவதே கிடையாது. 'ஸ்' போட்டு இரண்டாம் ப போட்டு வேறொரு சொல் இருந்தால்தானே மோதும்? மோதாத இடத்தில் எதில் சேர்ப்பது என்பது நம் முடிவு. எழுத்துக்கூட்டல் முதல் ப பக்கம் நிற்கிறது, காது இரண்டாம் ப பக்கம். இப்படிப்பட்ட இடங்கள் இருப்பதால்தான் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுகிறது. இது தேங்காய் எண்ணுகிற வேலை இல்லை.

#14 தமிழாசிரியர் 62

ஐயா, நீங்கள் கூறும் ஒலியன் என்னும் கருத்து நம்மிடம் முன்னமே உண்டு. தொல்காப்பியத்தில் எழுத்து என்னும் சொல் வரிவடிவத்தை மட்டும் குறிப்பதில்லை, ஒலியையும் குறிக்கும். வல்லினத்துக்கு ஓரெழுத்தே போதும் என்று நம் முன்னோர் வைத்தது ஒலிக்குறைவால் அன்று, தேவை அறிந்து. ஆங்கிலேயர் 1870ல் கண்டதை நாம் ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே கண்டோம்.

#15 ஒலிப்பெட்டி

ஐயா, எழுத்து பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. தொல்காப்பியத்தின் பிறப்பியலில் எந்த ஒலிக்கு நாக்கு எங்கே படுகிறது என்று சொல்லும் நுட்பத்தைப் பார்த்து இன்றைக்கும் வியக்கிறேன். ஆனால் 'நாங்கள் அப்போதே' என்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம். மாற்றொலிகளைப் பட்டியல் போட்டு, எங்கே எது வரும் என்று விதி எழுதியவர்கள் பிற்காலத்தவர்கள்தான். ஆங்கிலேயரும் இல்லை, போலந்துக்காரர் என்று சொன்னேனே.

இன்னொன்று, மீனாம்மா 'நமக்கு யாரைக் கேட்டாலும் ஒரே கணக்கு' என்றார்களே, அதையும் நீங்கள்தான் தீர்க்க வேண்டும்.

#16 தமிழாசிரியர் 62

உண்மைதான், நமக்கும் ஒரே கணக்கு இல்லை. முதலெழுத்து முப்பது என்பதில் மாற்றமில்லை. சார்பெழுத்து தொல்காப்பியருக்கு மூன்று, நன்னூலாருக்குப் பத்து. அந்தப் பத்தில் ஆறு, குறைந்து ஒலிப்பவை: குற்றியலுகரம், குற்றியலிகரம், ஐகார, ஔகார, மகர, ஆய்தக் குறுக்கங்கள். 'தலைவன்' என்பதில் உள்ள ஐ இரண்டு மாத்திரை ஒலிக்காது. 'நாடு', 'பாக்கு' இவற்றின் ஈற்று உகரம் அரை மாத்திரைதான். உதடு குவியவே குவியாது. சொல்லிப் பாருங்கள்.

#17 ஒலிப்பெட்டி

ஐயா, பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இங்கிலீஷின் உயிர்களில் அதிகம் வருவது எது தெரியுமா? எழுத்தே இல்லாத ஒன்று. ஷ்வா என்பார்கள், ஹீப்ரூ இலக்கணத்திலிருந்து வந்த பெயர். நாக்கும் உதடும் எங்கேயும் போகாமல் நடுவில் சும்மா கிடக்கும்போது வரும் முணுமுணுப்பு. வாழைப்பழத்துக்கான 'பனானா'வில் மூன்று இடத்திலும் ஒரே ஏ எழுத்து. ஆனால் நடுவில் உள்ளது மட்டும்தான் ஆ. முன்னும் பின்னும் ஷ்வா. நாம் மூன்றையும் தாராளமாகத் திறந்து சொல்லிவிடுகிறோம்.

'ஃபோட்டோகிராஃப்' என்று ஒருவர் சொன்னால் அழுத்தம் முதல் அசையில், அங்கே ஓகாரம் தெளிவாகக் கேட்கும், இரண்டாவது ஷ்வா. அதே ஆள் 'ஃபோட்டோகிராஃபி' என்று சொல்லும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு நகர்ந்துவிடும். முதலில் தெளிவாக இருந்தது ஷ்வாவாகச் சுருங்கி, ஷ்வாவாக இருந்தது விரியும். 'ஃப-டா-க்ர-ஃபி' என்ற மாதிரி கேட்கும். அழுத்தம் போனால் உயிருக்கு மவுசு போய்விடும். ஐயா சொன்ன குறுக்கம் எல்லாம் சொல்லுக்குள் இடத்தைப் பார்த்து வருவது, அங்கே அழுத்தத்தைப் பார்த்து வருகிறது. ஆனால் இரண்டிலும் வாய் செய்கிற சிக்கனம் ஒன்றுதான்.

#18 வடமராட்சியான்

எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சி, இப்ப இருக்கிறது ரொறன்ரோவில். இந்த ஊர்ப் பெயரை நீங்கள் டொரான்டோ என்று எழுதுவீர்கள், நாங்கள் ரொறன்ரோ என்று எழுதுவோம். தமிழ்நாட்டு நண்பர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். உங்கள் டிக்கெட் எங்களுக்கு ரிக்கற், உங்கள் இன்டர்நெட் எங்களுக்கு இன்ரநெற். ஒலிப்பெட்டி ஐயா, நடுவில் நின்று ஒரு தீர்ப்புச் சொல்லுங்கோ. யார் சரி?

#19 ஒலிப்பெட்டி

நாக்கைக் கேட்டால் நீங்கள்தான் சரி. தமிழில் பழைய காலத்தில் நாக்கு நுனி மூன்று இடத்தில் முட்டும்: பல்லில் (த), பல் ஈறில் (ற்ற), மேலே வளைந்து (ட). தமிழ்நாட்டில் நடுவில் உள்ளது போய்விட்டது. 'வெற்றி' என்பதை இங்கே 'வெட்ரி' மாதிரி வாசிக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அது ஈறிலேயே இன்னும் முட்டுகிறது, மலையாளத்திலும் அப்படித்தான். இங்கிலீஷின் டி எழுத்துக்கு நாக்கு படுவதும் அதே ஈறுதான். உங்களிடம் அந்தப் பெட்டி காலியாக இருந்தது, அதில் போட்டீர்கள். எங்களிடம் அந்தப் பெட்டியே இல்லை. பக்கத்தில் இருந்த டகரத்தில் போட்டோம். வேற்று மொழி ஒலி வந்தால் காது அதைத் தன்னிடம் உள்ள பெட்டிகளில் ஒன்றில்தான் போடும்.

#20 வடமராட்சியான்

நன்றி ஐயா, இதைப் பிரிண்ட் எடுத்து மச்சானுக்குக் காட்டப் போறேன், அவன் மதுரையில் பெண் எடுத்தவன். இன்னொன்று: நாங்கள் டொக்டர், கோப்பி, ஒபீஸ் என்கிறோம். நீங்கள் டாக்டர், காபி, ஆபீஸ். இதிலும் எங்கள் பக்கம்தானே?

#21 ஒலிப்பெட்டி

லண்டனுக்குப் பக்கத்தில் நீங்கள். அங்கே அந்த உயிர் உதடு குவிந்து வரும். அமெரிக்காவில் குவியாது, 'டாக்டர்' என்றே கேட்கும். ஆக, இங்கே டீக்கடைக்காரர் காபி என்பதும் நியூயார்க்கில் டாக்டர் என்பதும் ஒத்துப்போவது தற்செயல்.

#22 சும்மா வந்தேன்

டீக்கடையில் போய் ரீ கேட்டால் கிடைக்குமா என்று யாராவது சோதித்துச் சொல்லவும்.

#23 மட்டுறுத்துநர்

ட/ற சண்டைக்குத் தனி இழை ஏற்கெனவே மூன்று இருக்கிறது. இங்கே இங்கிலீஷ் ஒலிகளோடு நிறுத்திக்கொள்வோம்.

#24 பேச்சுப்பொறி பாலா

சரி, திரும்பி வருகிறேன். பெட்டி உவமைக்கு ஒரு சாட்சி. 1984ல் ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் இருவரும் கனடாவில் செய்த ஆய்வு. இங்கிலீஷ் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் தகர டகர வேறுபாட்டைப் போட்டுக் காட்டினார்கள். ஆறேழு மாதக் குழந்தைகள் பிரித்துக் கண்டுபிடித்தன. பத்துப் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் பெரும்பாலானவற்றுக்கு முடியவில்லை. பேச்சு வருவதற்கு முன்பே தேவையில்லாத பெட்டிகளை மூடிவிடுகிறது மூளை.

அப்புறம் எனக்கு ஒரு சந்தேகம், ஒலிப்பெட்டி சார். இங்கிலீஷில் 'ஹ' அசையின் தொடக்கத்தில் மட்டும்தான் வரும், 'ங்' முடிவில் மட்டும்தான். ஒன்றின் இடத்தில் மற்றது வரவே வராது, அதனால் மோதவும் மோதாது. உங்கள் விதிப்படி இரண்டையும் ஒரே ஒலியனின் இரண்டு மாற்றொலி என்று சொல்லிவிடலாமே? 43 ஆகிவிடும்!

#25 ஒலிப்பெட்டி

என் மாணவர்களில் குறும்புக்காரர்கள் எல்லோரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். அதற்காகவே இன்னொரு நிபந்தனை உண்டு: மாற்றொலிகள் ஒன்றுக்கொன்று ஜாடையாவது ஒத்திருக்க வேண்டும். 'ஹ' வெறும் மூச்சு, 'ங்' மூக்கில் வருவது. அண்ணன் தம்பி என்று சொன்னால் ஊர் நம்பாது.

'ங்' பற்றிப் பேச்சு வந்ததால்: விரலுக்கான 'ஃபிங்கர்', பாடகருக்கான 'சிங்கர்' இரண்டையும் நாம் ஒரே மாதிரி முடிக்கிறோம். விரலில் 'ங்' பின்னால் ஒரு ககரம் உண்டு. பாடகரில் பெரும்பாலான இங்கிலீஷ்காரர்களுக்குக் கிடையாது, 'சிங்' என்று மூக்கிலேயே நிறுத்தி அப்படியே 'அ' என்று திறக்க வேண்டும். ககரம் இல்லாமல் ஙகரம் நமக்கு வரவே வராது, அதனால்தான் இந்தத் தடுமாற்றம்.

அப்புறம் 'மெஷர்' நடுவில் வரும் ஒலி என்றேனே, அது தனி ஒலியன்தான் என்று நிரூபிக்க ஜோடி கிடைப்பது அபூர்வம். எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: சீனத்துக் கன்ஃபூஷியஸைச் சேர்ந்தவருக்கு 'கன்ஃபியூஷன்', குழப்பத்துக்கும் 'கன்ஃபியூஷன்'. முதலாவதில் அதிர்வில்லை, இரண்டாவதில் அதிர்வு. தமிழில் எழுதினால் குழப்பமேதான்.

#26 சும்மா வந்தேன்

இவ்வளவு ஒலிக்கு அந்த 26 எழுத்து எப்படிப் போதும்? பெர்னார்ட் ஷா கிண்டல் அடித்தாரே: ஜி-ஹெச்-ஓ-டி-ஐ என்று எழுதி 'ஃபிஷ்' என்று வாசிக்கலாம் என்று. 'ரஃப்' சொல்லின் ஜி-ஹெச், 'விமன்' சொல்லின் ஓ, 'நேஷன்' சொல்லின் டி-ஐ.

#27 ஒலிப்பெட்டி

ஷாவுக்கு எழுத்துச் சீர்திருத்தப் பைத்தியம் உண்டு, உயிலிலேயே புது எழுத்துக்குப் பணம் ஒதுக்கினார். ஆனால் இந்த மீன் அவருடையது இல்லை. 1855ல் எழுதிய ஒரு கடிதத்திலேயே இந்த நகைச்சுவை இருக்கிறது. ஷா பிறந்தது 1856. தவிர, ஜி-ஹெச் சொல் முதலில் 'ஃப' ஆவதே இல்லை, டி-ஐ சொல் கடைசியில் 'ஷ்' ஆவதும் இல்லை. எழுத்துக்கூட்டல் அவ்வளவு மோசமில்லை, பழசு, அவ்வளவுதான். கேக்ஸ்டன் என்பவர் 1476ல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சகத்தைப் போட்டார். எழுத்து உறையத் தொடங்கிய அதே காலத்தில் நெடில் உயிர்கள் எல்லாம் வாய்க்குள் இடம் மாறிக்கொண்டிருந்தன. பெயருக்கான 'நேம்' அதற்கு முன் 'நாமெ' மாதிரி ஒலித்தது, வீட்டுக்கான 'ஹவுஸ்' வெறும் 'ஹூஸ்'. எழுத்து நின்றுவிட்டது, வாய் போய்விட்டது.

#28 கோவை மீனா

சார், எல்லாம் சுவையாக இருக்கிறது, ஆனால் என் வீட்டுப் பிரச்சினைக்கு வருகிறேன். பெண் 'கேட்' வாசிக்கும்போது 'க-அ-ட' என்று பிரித்துச் சொல்லி, சேர்க்கச் சொன்னால் 'கஅட' என்கிறாள். பூனை வரவே மாட்டேன் என்கிறது.

#29 ஹெட்செட் ஹரி

அக்கா, என் மகனுக்கும் இதே கதை. சொல்லித்தருகிறவர்கள் மெய்யோடு ஓர் அகரத்தை ஒட்டிச் சொல்வதால் வருவது. நான் செய்தது: அவனுக்குத் தமிழில் க் தெரியும், க தெரியும். "புள்ளி வைத்த மாதிரி சொல்லு" என்றேன். 'க்', 'ட்'. புரிந்துகொண்டான். இங்கிலீஷ் குழந்தைக்குக் கிடைக்காத வசதி, அவர்கள் எழுத்தில் புள்ளியே கிடையாது. ஸ், ம், ஃப் எல்லாம் இழுத்துச் சொல்லலாம்: ஸ்ஸ்ஸ், ம்ம்ம்.

#30 கோவை மீனா

ஹரி, கோடி புண்ணியம். புள்ளி வேலை செய்தது. முந்தாநாள் மட்டும் ஏழு சொல் வாசித்தாள்.

ஆனால் நேற்று நோட்டில் ஒரு சிவப்பு வட்டம். ரயிலுக்கான 'ட்ரெய்ன்' எழுதச் சொன்னதற்கு சி-ஹெச்-ஆர் போட்டு ஆரம்பித்திருக்கிறாள். மிஸ் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். நானும் கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டேன். "அப்படித்தான் கேக்குதும்மா" என்று அழுதாள்.

#31 ஒலிப்பெட்டி

அழவிடாதீர்கள், அவள் காது உங்கள் காதைவிட, என் காதைவிட நன்றாக இருக்கிறது! அமெரிக்கரோ லண்டன்காரரோ அந்தச் சொல்லைச் சொல்லும்போது 'ர்' பக்கத்தில் நிற்பதால் முன்னால் உள்ள ஒலி உரசி 'ச்' மாதிரியேதான் வருகிறது. எழுதத் தெரிந்த நமக்கு அது கேட்காது, எழுத்து காதை மூடிவிடும். சார்ல்ஸ் ரீட் என்ற ஆய்வாளர் 1970களின் தொடக்கத்தில், பள்ளிக்குப் போகுமுன் தானாக எழுதிப் பழகிய அமெரிக்கக் குழந்தைகளின் எழுத்துகளைப் பார்த்தார். அவர்களும் சி-ஹெச்-ஆர்தான் போட்டிருந்தார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காமலே.

"நீ கேட்டது சரி, எழுதும்போது மட்டும் டி-ஆர் போடுவது வழக்கம்" என்று சொல்லுங்கள். முடிந்தால் இன்னொன்று செய்யுங்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் 'ட்ராகன்' எழுதச் சொல்லிப் பாருங்கள்.

#32 கோவை மீனா

சொன்னேன் சார். கொஞ்ச நேரம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அப்புறம் ஜே போட்டாள்.